வெண்ணெய் மாகாணத்தின் விண்ணப்பம்

ஊரையே குணப்படுத்தியவர்கள்: வரலாற்றுத் தொடர் – பகுதி 7

சென்ற வாரம் ஏழு நாடுகள் ஆய்வைப் பார்த்தோம். அமெரிக்க விஞ்ஞானி அன்செல் கீஸும் அவருடைய கூட்டாளிகளும் 1950-களின் இறுதியில் தொடங்கிய ஆய்வு அது. அமெரிக்கா, பின்லாந்து, நெதர்லாந்து, இத்தாலி, யூகோஸ்லாவியா, கிரீஸ், ஜப்பான் ஆகிய நாடுகளில் 40 முதல் 59 வயது வரையிலான 12,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், புகைக்கிறார்களா, ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று குறித்துவைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள்.

மாரடைப்புச் சாவு மிகக் குறைவாக இருந்த இடங்கள் கிரீட் தீவும் ஜப்பானும். மிக அதிகமாக இருந்த இடம் கிழக்கு பின்லாந்து.

அந்தக் கிழக்குக் குழுவுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரின் பெயர் இலொமான்ட்சி. சோவியத் எல்லையை ஒட்டிய காட்டு ஊர். அது இருக்கும் மாகாணம் வட கரேலியா. உலகிலேயே இதயம் பலவீனமான ஆண்கள் உங்கள் ஊரில்தான் இருக்கிறார்கள் என்று ஆய்வு சொன்ன பிறகு, அந்த மக்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை.

◆

மனு கொடுத்தவர்கள்

1971 ஜனவரி. வட கரேலியாவின் ஆளுநர் எசா தீமோனென் தலைமையில் ஒரு மனு தயாரானது. மாகாணத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் பல்வேறு அமைப்புகளின் பிரதிநிதிகளும் அதில் கையெழுத்திட்டார்கள். மனு நேராக ஹெல்சிங்கிக்கு, தேசிய அரசுக்குப் போனது.

ரோடு கேட்டும் பாலம் கேட்டும் மனு கொடுப்பது எல்லா நாட்டிலும் உண்டு. இவர்கள் கேட்டது வேறு. எங்கள் ஆண்கள் நடு வயதிலேயே மாரடைப்பில் செத்துக்கொண்டிருக்கிறார்கள், இதைத் தடுக்க ஏதாவது செய்யுங்கள் என்பதே மனுவின் சாரம்.

அவர்கள் மிகைப்படுத்தவில்லை. அந்த ஆண்டுகளில் கிழக்கு பின்லாந்தில் 35 முதல் 64 வயது வரையிலான ஆண்களில், லட்சத்துக்கு 640-க்கும் மேற்பட்டோர் ஒவ்வோர் ஆண்டும் இதயநாள நோயில் இறந்துகொண்டிருந்தார்கள். பெண்களில் இந்த எண்ணிக்கை 114. சம்பாதிக்கும் வயதில், குழந்தைகள் பள்ளிக்குப் போகும் வயதில் தகப்பன்கள் போய்க்கொண்டிருந்தார்கள். மாகாணத்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 1,80,000. இவ்வளவு சிறிய இடத்தில் ஒவ்வொரு சாவும் தெரிந்தவர் வீட்டுச் சாவாகத்தான் இருக்கும்.

இந்த மனுவை மறக்க முடியாத ஆவணமாக்கியது எது? கேட்டவர்கள் யார் என்பதுதான். மருத்துவர்கள் மக்களிடம் வரவில்லை. மக்களின் பிரதிநிதிகள் மருத்துவர்களைத் தேடிப் போனார்கள். பின்னால் வந்த வெற்றிகளுக்கும் சிக்கல்களுக்கும் விதை இந்தக் கையெழுத்துகளில் இருந்தது.

அரசு மனுவை ஏற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்களும் திட்டமிடலில் சேர்ந்தார்கள். ஏழு நாடுகள் ஆய்வின் பின்லாந்துப் பகுதியை நடத்திய பேராசிரியர் மார்ட்டி கார்வோனென் வழிகாட்டியாக நின்றார். இனி களத்தில் இறங்கி வேலை செய்ய ஒருவர் வேண்டும்.

◆

போருக்குப் பின் வந்த வெண்ணெய்

அந்த ஒருவரைப் பார்ப்பதற்கு முன், நோய் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட வேண்டும். வட கரேலியா எப்போதும் இப்படி இருந்த ஊரல்ல. காட்டிலும் ஏரியிலும் கிடைத்ததைத் தின்று வாழ்ந்த மக்கள் அவர்கள். மீன், ரை தானிய ரொட்டி, காட்டுப் பெர்ரிப் பழங்கள், காளான்.

இரண்டாம் உலகப் போர் அதை மாற்றியது. பின்லாந்து தன் கரேலிய நிலத்தின் பெரும்பகுதியை சோவியத் ஒன்றியத்திடம் இழந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு மேற்கே இடம்பெயர்ந்தார்கள். அவர்களுக்கும் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கும் அரசு சிறு சிறு நிலங்களைப் பிரித்துக் கொடுத்தது.

குளிர் மண். பயிர்க்காலம் மிகக் குறுகியது. புல் மட்டும் நன்றாக வளரும். அதனால் எல்லோரும் மாடு வளர்த்தார்கள். பால்பண்ணைகள் பாலில் உள்ள கொழுப்பைப் பார்த்து விலை போட்டன. கொழுப்பு கூடினால் காசு கூடும். வெண்ணெய் சோறு போட்டது, கடன் அடைத்தது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது.

போர்க்காலத் தட்டுப்பாட்டைப் பார்த்த தலைமுறைக்கு வெண்ணெய் தாராளமாகக் கிடைப்பதே நல்ல காலம் வந்ததற்கு அடையாளம். ரொட்டியில் வெண்ணெய், சமையலில் வெண்ணெய், குடிப்பதற்குக் கொழுப்பு நீக்காத பால். 1950-களில் பின்லாந்துக்கு வந்த கீஸ் கண்ட காட்சி ஒன்று பிற்பாடு பலராலும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது: மரம்வெட்டும் தொழிலாளர்கள் ரொட்டித் துண்டு அளவுக்குப் பாலாடைக்கட்டியை வெட்டி, அதன் மேலேயே வெண்ணெயைத் தடவித் தின்றுகொண்டிருந்தார்கள்.

வெட்டுகிறவர்கள், உழுகிறவர்கள், பனியில் நடக்கிறவர்கள். உடல் உழைப்பில் அவர்களுக்குக் குறையே இல்லை. பார்ப்பதற்கு உரம் பாய்ந்த உடம்பு. உள்ளே நாளங்கள் அடைத்துக்கொண்டிருந்தன. போர் அவர்களுக்கு இன்னொரு பழக்கத்தையும் கொடுத்திருந்தது: சிகரெட்.

◆

இளைஞர் ஒருவர் வருகிறார்

பெக்கா புஸ்கா. 1972-இன் தொடக்கத்தில் திட்டத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு 27 வயதுகூட நிரம்பவில்லை.

மருத்துவம் படித்தவர். அதோடு துர்க்கு பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியலிலும் முதுகலைப் பட்டம் பெற்றவர். பிற்கால நிகழ்வுகளை வைத்துப் பார்த்தால், இரண்டாவது பட்டம் முதலாவதற்குச் சற்றும் குறையாமல் பயன்பட்டது.

அவருடைய குழு முதலில் செய்த வேலை அளவெடுப்பது. வட கரேலியாவிலும், அதற்கு மேற்கே அடுத்திருந்த குவோபியோ மாகாணத்திலும் 10,000-க்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்தார்கள். குவோபியோவும் கிட்டத்தட்ட இதே போன்ற மாகாணம்தான். இதே குளிர், இதே மாடு, இதே வெண்ணெய், இதே நோய். வட கரேலியாவில் திட்டம் நடக்கும், குவோபியோவில் நடக்காது. ஐந்து ஆண்டுகள் கழித்து இரண்டையும் ஒப்பிட்டால் திட்டம் பலித்ததா என்று தெரிந்துவிடும். அப்படித்தான் நினைத்தார்கள். குவோபியோவை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அளவெடுப்பின் முடிவு அதிர வைத்தது. வட கரேலியாவில் 25 முதல் 59 வயது வரையிலான ஆண்களில் 52 சதவீதம் பேர் புகைபிடித்தார்கள். ரொட்டியில் வெண்ணெயே தடவுகிறவர்கள் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பேர். தாவர எண்ணெயில் சமைக்கும் வீடு அபூர்வம். ரத்தத்தில் கொலஸ்ட்ராலின் சராசரி, டெசிலிட்டருக்குச் சுமார் 270 மில்லிகிராம். இன்று நம் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 200-ஐத் தாண்டினாலே மருத்துவர் புருவத்தை உயர்த்துகிறார். அங்கே ஊரின் சராசரியே 270.

அந்தச் சராசரிதான் திட்டத்தின் திசையைத் தீர்மானித்தது.

◆

இரண்டு பாதைகள்

புஸ்காவின் முன் இரண்டு பாதைகள் இருந்தன.

ஒன்று, வழக்கமான மருத்துவப் பாதை. ஆபத்து அதிகமுள்ளவர்களைக் கண்டுபிடி, மருந்து கொடு, மருத்துவமனையில் இதயப் பிரிவுகளைக் கட்டு. இதயநோய் வல்லுநர்கள் பலருக்கு இதில்தான் நம்பிக்கை. உணவை மாற்றினால் மாரடைப்பு குறையும் என்பதற்கு அன்று முழுமையான நிரூபணம் இல்லை என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள்.

ஆனால் கணக்கு வேறு கதை சொன்னது. ஊரே ஆபத்தில் இருக்கும்போது, மிக மோசமான சிலரை மட்டும் பிரித்தெடுத்துச் சிகிச்சை கொடுத்தால் மிச்சமுள்ளவர்கள்? நடுத்தர ஆபத்தில் இருப்பவர்கள் எண்ணிக்கையில் பல மடங்கு அதிகம். மாரடைப்புகளில் பெரும்பாலானவை அவர்களிடமிருந்துதான் வரும். இந்த உண்மையை பிரிட்டிஷ் மருத்துவர் ஜெஃப்ரி ரோஸ் 1980-களில் கோட்பாடாக எழுதி உலகப் புகழ் பெற்றார். வட கரேலியாவில் அதற்குப் பத்தாண்டு முன்பே அதன்படி வேலை தொடங்கிவிட்டது.

ஆக, இரண்டாவது பாதை. மாகாணத்தின் 1,80,000 பேரும் தின்பதை, சமைப்பதை, புகைப்பதை மாற்றுவது.

சொல்வது எளிது. எப்படி மாற்றுவது?

◆

தெரிந்தால் போதுமா?

இந்தக் கேள்விக்கு மருத்துவக் கல்லூரியில் பதில் கிடையாது. பதில் தேட சமூக அறிவியலிடம் போனார்கள்.

அங்கே ஏற்கெனவே சில கசப்பான பாடங்கள் காத்திருந்தன. பெரு நாட்டில் லோஸ் மொலினோஸ் என்றொரு கிராமம். சுமார் 200 குடும்பங்கள். 1950-களில் ஒரு சுகாதாரப் பணியாளர், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று இரண்டு ஆண்டுகள் வீடு வீடாகச் சொன்னார். மனம் மாறியது 11 குடும்பங்கள் மட்டுமே. கிருமி பற்றி அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் கொதிக்க வைத்த நீர் நோயாளிகளுக்கு உரியது என்பது அந்த ஊரின் நெடுநாள் நம்பிக்கை. உடம்பு நன்றாக இருப்பவர் அதைக் குடித்தால் ஊர் வேறு மாதிரி பார்க்கும். எட்வர்ட் வெலின் என்ற மானுடவியலாளர் இதைப் பதிவு செய்தார்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலிருந்து இன்னொரு பாடம். அங்கே வீரிய மக்காச்சோள விதை எப்படிப் பரவியது என்று இரண்டு சமூகவியலாளர்கள் ஆராய்ந்து 1943-இல் வெளியிட்டார்கள். விதையைப் பற்றி விவசாயிகள் முதலில் கேள்விப்பட்டது பெரும்பாலும் விற்பனையாளரிடம். ஆனால் வாங்கி விதைக்கும் துணிச்சலைக் கொடுத்தது பக்கத்து வயல்காரர்.

அதே அயோவாவில் பிறந்த எவரெட் ரோஜர்ஸ், புதிய பழக்கங்கள் சமூகத்தில் பரவும் விதத்தைப் பற்றி 1962-இல் எழுதிய நூலில் இந்த இரண்டு கதைகளும் இடம்பெற்றன. ரோஜர்ஸின் தந்தையே வீரிய விதையை வேண்டாம் என்று ஒதுக்கிய விவசாயி. 1936-இன் வறட்சியில் பக்கத்து நிலங்களில் வீரிய சோளம் நின்றது. தன் வீட்டு வயல் வாடியது. சிறுவனாக அதைப் பார்த்தவர் ரோஜர்ஸ்.

மூன்றாவது பாடம் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவிடமிருந்து. மனிதர்கள் பிறர் செய்வதைப் பார்த்துக் கற்கிறார்கள். தன்னைப் போன்ற ஒருவர் செய்து காட்டினால், தன்னாலும் முடியும் என்ற நம்பிக்கை பிறக்கிறது என்பது அவர் வாதம். ஸ்டான்போர்டிலிருந்து ஆல்பிரட் மெக்அலிஸ்டர் என்ற இளம் ஆய்வாளர் பின்லாந்துக்கே வந்து புஸ்காவுடன் சேர்ந்து வேலை செய்தார்.

இவற்றையெல்லாம் சேர்த்து அவர்கள் ஒரு வரிசை போட்டுக்கொண்டார்கள். செய்தி சொல்ல வேண்டும். மனதைத் திருப்ப வேண்டும். எப்படிச் செய்வது என்று கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். செய்கிறவருக்குச் சுற்றியிருப்பவர்களின் துணை வேண்டும். கடையிலும் பணியிடத்திலும் அதற்கேற்ற வசதி இருக்க வேண்டும். இதையெல்லாம் தாங்கிப் பிடிக்க ஊரின் அமைப்புகளே முன்வர வேண்டும்.

இந்த வரிசையில் ஒன்று குறைந்தாலும் மற்றது நிற்காது. எண்ணெய் நல்லது என்று ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருக்கலாம். அதில் சமைக்கத் தெரியாவிட்டால்? சமைத்ததைக் கணவர் தள்ளிவைத்துவிட்டால்? ஊர்க் கடையில் எண்ணெயே இல்லாவிட்டால்?

◆

யார் பேச்சு எடுபடும்?

முதல் ஆண்டுகளில் செய்தி சொல்வது மும்முரமாக நடந்தது. ஐந்து ஆண்டுகளில் உள்ளூர்ப் பத்திரிகைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள், செய்திகள். துண்டறிக்கைகள், சுவரொட்டிகள், கூட்டங்கள். மாகாணத்தில் திட்டத்தின் பெயர் தெரியாதவர் இல்லை என்ற நிலை வந்தது.

நல்ல வேளையாக, 1972-இல்தான் பின்லாந்தின் புதிய ஆரம்ப சுகாதாரச் சட்டமும் அமலுக்கு வந்தது. ஊருக்கு ஊர் சுகாதார நிலையங்கள் உருவாயின. அங்கே இருந்த செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ரத்த அழுத்தம் உள்ளவர்களைப் பதிவேட்டில் ஏற்றித் தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்தார்கள். அதுவரை ரத்த அழுத்தம் மருத்துவர்களின் எல்லைக்குள் மட்டும் இருந்த விஷயம். செவிலியரின் கைக்கு வந்ததும் அது ஊரின் அன்றாட விஷயமானது.

பிறகு அயோவா பாடம். கிராமங்களில் கடைக்காரர்கள், சங்கத் தலைவர்கள் போன்றவர்களிடம் விசாரித்தார்கள்: உங்கள் ஊரில் யார் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள்? அப்படிச் சொல்லப்பட்ட பெயர்களில் பட்டம் பெற்றவர்களும் பதவியில் இருப்பவர்களும் குறைவு. அடுத்த வீட்டுக்காரர்கள் மதிக்கும் சாதாரண ஆண்களும் பெண்களும்தான் அதிகம். நூற்றுக்கணக்கானோரை அழைத்துக் குறுகிய பயிற்சி கொடுத்தார்கள். மேடையேறிப் பேசச் சொல்லவில்லை. தேநீர் குடிக்கும்போது, காப்பி குடிக்கும்போது, சவுனா என்ற நீராவிக் குளியலறையில் உட்கார்ந்திருக்கும்போது வழக்கமாகப் பேசுவதைப் போலப் பேசினால் போதும்.

பணியிடங்களிலும் கடைகளிலும் அறிவிப்புப் பலகைகள் தொங்கின. இங்கே புகைக்காதீர்கள், நாங்கள் வட கரேலியா திட்டத்தில் இருக்கிறோம் என்பது அவற்றின் வாசகம். புகைத்தால் புற்றுநோய் வரும் என்ற மிரட்டல் அதில் இல்லை. நாங்கள் என்ற சொல் இருந்தது. மனு கொடுத்தது இவர்கள். திட்டம் இவர்களுடையது. போரில் நிலம் இழந்து, வேலை தேடி இளைஞர்கள் தெற்கே போய்க்கொண்டிருந்த ஏழை மாகாணம், நாடே தன்னைத் திரும்பிப் பார்க்கும் ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருந்தது. அந்தப் பெருமிதம் வலிமையானது.

ஆனாலும் சமையலறைக்குள் அது நுழையவில்லை. அங்கே வெண்ணெய் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

◆

நீண்ட ஆயுள் மாலை

சமையலறையின் சாவி வேறு கையில் இருந்தது. மார்ட்டா அமைப்பின் கையில்.

1899-இல் தொடங்கப்பட்ட பெண்கள் அமைப்பு அது. சமையல், தோட்டம், வீட்டு நிர்வாகம் கற்றுக்கொடுப்பது அதன் வேலை. கிராமம்தோறும் கிளைகள். ஒரு மருத்துவர் நூறு தடவை சொன்னாலும் எடுபடாதது, மார்ட்டா பெண் ஒருத்தி அடுப்பில் காட்டினால் எடுபடும். திட்டக் குழு அவர்களிடம் போய் உதவி கேட்டது. அவர்கள் சம்மதித்தார்கள். திட்டத்தின் போக்கு திரும்பிய இடம் இது.

கிராமங்களில் நீண்ட ஆயுள் மாலைகள் என்ற பெயரில் கூட்டங்கள் ஏற்பாடாயின. முதலில் திட்டக் குழுவினர் ஒருவரின் சுருக்கமான பேச்சு. இதயநோய் எதனால் வருகிறது, உணவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று சில நிமிடங்கள். அதன் பிறகு பேச்சு ஓய்ந்து அடுப்பு பேசத் தொடங்கும்.

அந்த அடுப்பில் என்ன வெந்தது? கரேலியர்களின் பெருமைக்குரிய உணவு கரேலியக் கறிக்குழம்பு. மாட்டுக்கறி, கொழுத்த பன்றிக்கறி, சில வீடுகளில் ஆட்டுக்கறியும், உப்பு, தண்ணீர். மண் அடுப்பின் தணலில் மணிக்கணக்காக வேகும். விருந்தென்றால் அதுதான், ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுதான். இதைச் சாப்பிடாதே என்று சொல்லியிருந்தால் கூட்டம் அப்போதே கலைந்திருக்கும்.

யாரும் அப்படிச் சொல்லவில்லை. அதே குழம்பையே வைத்தார்கள். பன்றிக்கறியில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கேரட், உருளைக்கிழங்கு, டர்னிப் போன்ற மஞ்சள் நிறக் கிழங்கு. உப்பைக் குறைத்தார்கள். அதே பாத்திரம், அதே தணல், அதே நேரம். வெந்ததும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காய்கறியை மாட்டுக்கும் முயலுக்கும் போடும் தீனியாகவே பார்த்த ஆண்கள் இருந்த ஊர் அது. புது ருசி அவர்களுக்கும் பிடித்தது. அந்தக் குழம்புக்குப் பெண்கள் புஸ்காவின் பெயரையே வைத்துவிட்டார்கள் என்று சொல்வார்கள்.

நூற்றுக்கணக்கான மாலைகள் இப்படி நடந்தன. ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். வந்த பெண்கள் செய்முறையோடு வீடு திரும்பினார்கள்.

அந்த ஒரு மாலைக்குள் எத்தனை காரியங்கள் நடந்தன என்று எண்ணிப் பாருங்கள். செய்தி கிடைத்தது. செய்முறை கையில் வந்தது. தன்னைப் போன்ற இன்னொரு பெண் செய்து காட்டினாள். சாப்பிட்டுப் பார்த்து ருசி கெடவில்லை என்று தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரியும் அதே மேசையில் உட்கார்ந்திருந்ததால், நாளை எண்ணெய் வாங்கினால் யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். பண்டூராவும் ரோஜர்ஸும் புத்தகங்களில் எழுதியதை ஒரு கிராமத்துச் சமையல் கூட்டம் மூன்று மணி நேரத்தில் செய்து முடித்தது.

◆

கடையும் கம்பெனியும்

வீட்டில் மனம் மாறினாலும் கடை மாற வேண்டும். குழு அங்கும் போனது.

உள்ளூரில் சாசேஜ் தயாரித்த ஒரு நிறுவனத்தைப் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். பன்றிக் கொழுப்பைக் குறைத்து, அதற்குப் பதில் காளானைச் சேர்த்துப் பார்த்தார்கள். காளான் அந்தக் காடுகளில் அள்ளக் கிடைப்பது. பால்பண்ணைகளிடம் கொழுப்பு குறைந்த பாலைக் கொண்டுவரச் சொன்னார்கள். ரொட்டிக் கடைகளில் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள்.

பால்பண்ணைத் தரப்பிடமிருந்து எதிர்ப்பு பலமாக வந்தது. வருவது இயல்பு. வெண்ணெயைக் குறைக்கச் சொல்வது, போரில் எல்லாவற்றையும் இழந்து மாடு வளர்த்துத் தலையெடுத்த குடும்பங்களின் வருமானத்தில் கை வைப்பது. நோயைக் கொடுத்த அதே வெண்ணெய்தான் பிழைப்பையும் கொடுத்தது. இந்த முடிச்சை 1970-களில் யாராலும் அவிழ்க்க முடியவில்லை. மாட்டுப் பண்ணையாளர்களைப் பெர்ரிப் பழ விவசாயத்துக்குத் திருப்பும் முயற்சி 1980-களில்தான் தொடங்கியது. அது வேறொரு வாரத்துக்கான கதை.

இதற்கிடையில் நாட்டின் சட்டமும் துணைக்கு வந்தது. 1976-இல் பின்லாந்து நாடாளுமன்றம் புகையிலைச் சட்டத்தை நிறைவேற்றியது. சிகரெட் விளம்பரம் தடை செய்யப்பட்டது. பொது இடங்களில் புகைப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. வட கரேலியாவில் பலகை தொங்கவிட்டுக் கேட்டுக்கொண்டது, நாடு முழுவதும் சட்டமானது.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சட்டம் குவோபியோவுக்கும் பொருந்தும்.

◆

1977: கணக்குப் பார்க்கும் ஆண்டு

ஐந்து ஆண்டுகள் முடிந்தன. மீண்டும் இரண்டு மாகாணங்களிலும் ஆயிரக்கணக்கானோரைப் பரிசோதித்தார்கள். முடிவுகள் 1979-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தன.

வட கரேலியாவில் புகைபிடிக்கும் ஆண்கள் 52 சதவீதத்திலிருந்து 44 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். ரத்தக் கொழுப்பு இறங்கியிருந்தது. ரத்த அழுத்தமும் இறங்கியிருந்தது. மூன்றையும் சேர்த்து மாரடைப்பு வரும் அபாயத்தைக் கணக்கிட்டார்கள். குவோபியோவில் நேர்ந்த மாற்றத்தைக் கழித்துவிட்ட பிறகும், வட கரேலிய ஆண்களிடம் அபாயம் 17 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. பெண்களிடம் 11 சதவீதத்துக்கு மேல்.

எல்லாமே வெற்றி என்று சொல்ல முடியாது. பெண்களில் புகைபிடிப்பவர்கள் தொடக்கத்திலேயே பத்தில் ஒருவர்தான். ஐந்து ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை குறையவில்லை. ஆனாலும் ஒரு மாகாணத்தின் மொத்த மக்களின் பழக்கத்தை, யாரையும் கட்டாயப்படுத்தாமல், ஐந்தே ஆண்டுகளில் அசைத்துக் காட்டியிருந்தார்கள். அதுவரை உலகில் இந்த அளவில் யாரும் செய்து காட்டாத காரியம்.

அடுத்து வந்தது சாவுக் கணக்கு. 1969 முதல் 1979 வரையிலான பத்தாண்டில், வட கரேலிய ஆண்களிடையே இதயநாள நோய்ச் சாவு 24 சதவீதம் குறைந்தது. பின்லாந்தின் மற்ற பகுதிகளில் குறைந்தது 12 சதவீதம். இரு மடங்கு வேகம். மனு கொடுத்தவர்கள் கேட்டது கிடைக்கத் தொடங்கியிருந்தது.

◆

குவோபியோவின் புதிர்

இங்கேதான் கதையில் ஒரு முடிச்சு விழுகிறது.

எந்தத் திட்டமும் நடக்காத குவோபியோவிலும் புகைபிடிக்கும் ஆண்கள் 50 சதவீதத்திலிருந்து 45 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். அடுத்த ஆண்டுகளில் அங்கும் மாரடைப்புச் சாவுகள் வேகமாக இறங்கத் தொடங்கின. வட கரேலியா முந்திக்கொண்டு ஓடியது உண்மை. ஆனால் குவோபியோ எட்டிப் பிடித்துவிட்டது. கடல் கடந்து அமெரிக்காவிலும் 1960-களின் இறுதியிலிருந்தே இதயநோய்ச் சாவுகள் குறைந்துகொண்டு வந்தன. அங்கே எந்த மார்ட்டா பெண்ணும் குழம்பு வைத்துக் காட்டவில்லை.

விமர்சகர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். திட்டம் இல்லாமலே குறையும் நோய்க்குத் திட்டம் எதற்கு என்று கேட்டார்கள்.

திட்டத்தின் பக்கம் நின்றவர்களிடம் வேறொரு விளக்கம் இருந்தது. குவோபியோ பக்கத்து மாகாணம். அங்கேயும் அதே தேசியப் பத்திரிகைகள்தான் வருகின்றன, அதே வானொலிதான் பாடுகிறது. வட கரேலியாவில் நடப்பதை அங்கிருந்தவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ரோஜர்ஸ் எழுதியது உண்மையானால், பக்கத்து வயலைப் பார்த்து விதையை மாற்றும் விவசாயியைப் போல, பக்கத்து மாகாணத்தைப் பார்த்துக் குவோபியோவும் மாறியிருக்கும். அப்படியானால் குவோபியோவின் மாற்றம் திட்டத்தின் தோல்விக்குச் சாட்சியமா, அதன் மிகப் பெரிய வெற்றிக்குச் சாட்சியமா?

இரண்டு தரப்புக்கும் தீர்ப்புச் சொல்ல ஒரே வழிதான் இருந்தது. எல்லை போட்டு, ஒரு பக்கம் திட்டத்தையும் மறுபக்கம் வேடிக்கை பார்ப்பவர்களையும் நிறுத்தி, இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். விஞ்ஞானத்துக்கு அது வேண்டும். ஆனால் காத்திருக்கும் ஆண்டுகளில் எல்லைக்கு மறுபுறம் ஆண்கள் செத்துக்கொண்டிருப்பார்கள்.

புஸ்காவும் அவருடைய குழுவும் காத்திருக்கவில்லை. 1978-இல் அவர்கள் தொலைக்காட்சி நிலையத்துக்குள் நுழைந்தார்கள். புகையை விட நினைத்த சாதாரண மனிதர்கள் சிலரைக் கேமரா முன் உட்கார வைத்து, அவர்கள் படும் பாட்டை வாரவாரம் நாடு முழுவதும் பார்க்கும்படி செய்தார்கள். அன்றிலிருந்து குவோபியோ என்ன, பின்லாந்தில் திட்டம் எட்டாத மாகாணம் என்று ஒன்றுமே இல்லாமல் போனது. ஒப்பிட்டுப் பார்க்க இனி ஊர் இல்லை.

அப்படியென்றால், வட கரேலியாவின் இதயங்களைக் காப்பாற்றியது திட்டமா, மாறிவந்த காலமா என்பதை எதை வைத்து நிரூபிப்பது?

பதில் தேட அவர்களுக்கு இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.

(தொடரும்)